கல்லூரி மாணவர்களுக்கான கத்தோலிக்க மிஷனரியாகப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பு முடித்த கையோடு மூன்று வருடம் கல்லூரி வளாகத்தில் முழுநேர மிஷனரியாக இருந்தேன். இப்போது வேறு வேலையில் இருக்கிறேன் என்றாலும், போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் இன்றும் தேடி வந்து பேசுகிறார்கள். பாதிப் பேர் கடைசி வருட மாணவர்கள், மீதிப் பேர் அவர்களுடைய அம்மா அப்பா. கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மிஷனரி என்றால் குருவாகவோ அருள்சகோதரியாகவோ ஆக வேண்டுமா?

வேண்டாம். இங்கே நான் பேசுவது பொதுநிலையினரைப் பற்றி. மீட்பின் நற்செய்தி எல்லோரையும் சென்றடைய உழைக்கும் கடமையும் உரிமையும் கிறிஸ்துவை நம்பும் எல்லோருக்கும் உண்டு என்று 1983-ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டத் தொகுப்பிலேயே, 211-ஆம் சட்டத்தில் இருக்கிறது. குருத்துவப் பட்டமோ துறவற வார்த்தைப்பாடோ இதற்குத் தேவையில்லை. பட்டம் வாங்கிய இளைஞர்கள் ஒன்றிரண்டு வருடம், சிலர் அதற்கு மேலும், வளாகத்திலேயே மாணவர்களோடு இருந்து இந்தப் பணியைச் செய்கிறார்கள். திருமணமானவர்களும் செய்கிறார்கள்.

ஏன் கல்லூரி? பள்ளியிலும் பங்கிலும் செய்யக்கூடாதா?

செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் கல்லூரிக்கு வரும் வயதில் ஒன்று நடக்கிறது. அதுவரை ஞாயிறு காலையில் அம்மா எழுப்பிவிட்டார், பூசைக்குப் போனோம். விடுதிக்கு வந்த முதல் ஞாயிறு எழுப்ப யாரும் இல்லை. போகவில்லை என்று யாரும் கேட்கப்போவதும் இல்லை. விசுவாசத்தை யாரும் கோபப்பட்டுத் தூக்கி எறிவதாக நான் அதிகம் பார்த்ததில்லை, பெரும்பாலும் அது சத்தமே இல்லாமல் கைநழுவிப் போகிறது. அதே நான்கைந்து வருடத்தில்தான் என்ன வேலை, யாரைக் கல்யாணம் செய்வது, எதற்காக வாழ்வது என்ற முடிவுகளையும் எடுக்கிறார்கள்.

திருச்சபை வரலாற்றைப் பாருங்கள். 1529-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள் பேதுரு ஃபேபரும் பிரான்சிஸ் சவேரியாரும். அந்த அறைக்கு முப்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க, லத்தீனில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு மாணவர் வந்து சேர்ந்தார், அவர்தான் பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய இக்னேசியார். ஃபேபர் சீக்கிரம் நெருங்கிவிட்டார். சவேரியார் பிடிகொடுக்கவில்லை, அவருக்குப் பேராசிரியராகிப் பெயர் வாங்கும் ஆசை. இக்னேசியார் வருடக்கணக்கில் காத்திருந்தார். 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்ர குன்றில் ஏழு பேர் வார்த்தைப்பாடு கொடுத்தபோது சவேரியாரும் அதில் ஒருவர். பிறகு 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, முக்கியமாகப் பாரிசுக்குப் போய், அறிவை மட்டும் சேர்த்துக்கொண்டு அன்பில்லாமல் இருக்கிறவர்களைப் பார்த்துப் பைத்தியக்காரனைப் போலக் கத்த வேண்டும் போலிருக்கிறது என்கிறார். மிஷன்களின் பாதுகாவலரே கல்லூரி அறை நண்பர் ஒருவரால் திரும்பியவர். எனக்கு இந்தப் பணி பிடித்துப்போனதே இதைப் படித்த பிறகுதான்.

மாணவர்களாக இருக்கும்போதே பெரிய வேலை செய்தவர்களும் உண்டு. பிரெடெரிக் ஓசானாம் 1833-இல் சக மாணவர்களோடு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்ட பியர் ஜார்ஜோ ஃபிரஸ்ஸாத்தி சுரங்கப் பொறியியல் மாணவர், படிப்பை முடிக்கும் முன்னே 24 வயதில் இறந்தவர்.

சரி, தினமும் என்னதான் வேலை?

வெளியிலிருந்து பார்த்தால் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும். என் மாமாவே ஒருநாள் வந்து பார்த்துவிட்டு அப்படித்தான் சொன்னார்.

காலை ஒரு மணி நேரம் நற்கருணைக்கு முன் மௌன ஜெபம், அப்புறம் திருப்பலி. இந்த இரண்டும் இல்லாமல் நாளைத் தொடங்கக்கூடாது என்பது எங்கள் அணியின் விதி. பிறகு அணியாக உட்கார்ந்து யார் யாரைப் பார்க்கப் போகிறோம் என்று பேசுவோம். மதியத்துக்கு மேல்தான் மாணவர்கள் கையில் கிடைப்பார்கள். ஒருவரோடு மைதானத்தில் நடப்பது, ஒருவரோடு நூலக வாசலில் உட்கார்ந்து பேசுவது, சாயங்காலம் ஆறேழு பேர் சேர்ந்து விவிலியம் வாசிப்பது, ராத்திரி ஏதாவது ஒரு விடுதி அறையில் முடிவே இல்லாத பேச்சு. வாரம் ஒருமுறை ஃபாதர் பாவசங்கீர்த்தனம் (செய்த பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது) கேட்க உட்காரும்போது யாரையாவது கூட்டிக்கொண்டு போவது. நடுவில் கூட்ட அறை முன்பதிவு, தியானத்துக்குப் பேருந்து ஏற்பாடு, ரசீது, அறிக்கை என்று அலுப்பான வேலையும் இருக்கும்.

என்னிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. யாரைச் சந்தித்தாலும் பெயர், ஊர், துறை, அவர் சொன்ன ஒரு விஷயம், இவ்வளவுதான் எழுதுவேன். 'தங்கைக்கு அறுவை சிகிச்சை, புதன்கிழமை.' அடுத்த வியாழன் பார்க்கும்போது தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் அந்த முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். மறைக்கல்வியில் நான் கற்றுக்கொடுத்த எதையும் விட அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது.

இறையியல் படித்திருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பொறியியல், வணிகவியல், செவிலியர் படிப்பு என்று எதையும் முடித்தவர்கள் இதில் இருக்கிறார்கள். சேர்ந்த பிறகு சில வாரங்கள் பயிற்சி தருவார்கள், அதில் விவிலியம், மறைக்கல்வி, ஜெபம், குழு நடத்துவது எல்லாம் இருக்கும். ஆனால் பயிற்சியால் தர முடியாத சில விஷயங்கள் உண்டு. ஞாயிறு பூசையை விடாமல் போகிறீர்களா, பாவசங்கீர்த்தனம் செய்கிறீர்களா, திருச்சபை போதிப்பதை மனதார ஏற்கிறீர்களா, யாரும் பார்க்காதபோதும் ஜெபிக்கிறீர்களா என்று நேர்காணலில் நேராகவே கேட்பார்கள். பங்குத்தந்தையின் கடிதம், பின்னணிச் சரிபார்ப்பு, பாதுகாப்புப் பயிற்சி, இதெல்லாமும் இருக்கும். இதில் எதையும் கேட்காமல் 'வந்து சேருங்கள்' என்று ஓர் அமைப்பு சொன்னால் நான் யோசிப்பேன்.

மாணவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால்?

'தெரியவில்லை, படித்துவிட்டு வியாழக்கிழமை சொல்கிறேன்' என்று சொல்லுங்கள், சொன்ன வியாழக்கிழமை சொல்லுங்கள். அது போதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பதில் தெரிந்திருப்பதுதான். முதல் வருடம் ஒரு இயற்பியல் மாணவர் கடவுள் இல்லை என்று வாதாட வந்தார். நான் விடவில்லை, ராத்திரி ஒரு மணி வரை போனது. கடைசியில் அவருக்குப் பதில் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் படுத்தேன், அவர் அதற்கப்புறம் எங்கள் பக்கம் வரவே இல்லை. அந்த வருடக் கடைசியில்தான் வேறொருவர் மூலம் தெரிந்தது, அந்த மாதம் அவருடைய அப்பா இறந்திருக்கிறார். நான்கு மணி நேரம் பேசியிருக்கிறேன், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று வரை அவருக்காக ஜெபிக்கிறேன்.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரை ஒன்றில், இக்கால மனிதர் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே அதிகம் செவிகொடுக்கிறார், போதகர்களுக்குச் செவிகொடுத்தாலும் அவர்கள் சாட்சிகளாக இருப்பதால்தான் என்ற பொருளில் சொல்லியிருப்பார். அந்த ராத்திரிக்கு முன்பே எனக்கு அது மனப்பாடம்தான்.

இது மதமாற்றம் இல்லையா? மற்ற மதத்து மாணவர்களை வற்புறுத்துவீர்களா?

வற்புறுத்தக் கூடாது, திருச்சபையே அதைத் தடுக்கிறது. யாரையும் கட்டாயப்படுத்தியோ, தகாத வழிகளில் கவர்ந்தோ விசுவாசத்துக்குள் கொண்டுவருவதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய ஏடு கண்டிப்பாகத் தடை செய்கிறது. அதே ஆண்டு வந்த சமயச் சுதந்திரம் பற்றிய ஏடும் இதையே அடித்தளமாக வைத்துப் பேசுகிறது. தேர்வு பயம், தனிமை, பணக் கஷ்டம், இதையெல்லாம் தூண்டிலாக்குவது பாவம். அப்படிச் செய்கிற அணியில் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

நடைமுறையில் எங்கள் நேரத்தில் பெரும்பகுதி திருமுழுக்கு வாங்கியும் விலகிப்போன கத்தோலிக்க மாணவர்களோடுதான் போனது. மற்றவர்களும் வந்தார்கள், நண்பர்களாக வந்தார்கள், நண்பர்களாகவே இருக்கிறார்கள். கேட்டால் என் நம்பிக்கையை மறைக்க மாட்டேன். கேட்பவர் 'வேண்டாம்' என்றால் நட்பு அதனால் ஒரு துளியும் குறையக்கூடாது. குறைந்தால் முதலிலிருந்தே அது நட்பு இல்லை என்றுதான் அர்த்தம். நாட்டுச் சட்டம், கல்லூரியின் விதி, அந்த இடத்து ஆயரின் அனுமதி, இந்த மூன்றையும் மதித்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

சம்பளம் உண்டா?

இரண்டு வழி இருக்கிறது. சில இடங்களில் மறைமாவட்டமோ கல்லூரியின் ஆன்மிகப் பணியகமோ வேலைக்கு எடுத்துச் சம்பளம் தரும். வேறு பல அமைப்புகளில், அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய ஃபோகஸ் போன்றவற்றில், மிஷனரியே ஆதரவாளர்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். மாதாமாதம் இவ்வளவு என்று அவர்கள் அமைப்புக்குத் தருவார்கள், அதிலிருந்து உங்களுக்குச் சம்பளம் வரும்.

பணம் கேட்பதா என்று முகம் சுளிக்காதவர்கள் குறைவு. நானும் சுளித்தேன். லூக்கா நற்செய்தி எட்டாம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனத்தை வாசித்துப் பாருங்கள்: மகதலா மரியா, யோவன்னா, சூசன்னா, இன்னும் பல பெண்கள் தங்கள் உடைமையைக் கொண்டு இயேசுவுக்கும் சீடர்களுக்கும் பணிவிடை செய்தார்கள். ஆண்டவரே மற்றவர்களுடைய கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டுத்தான் ஊர் ஊராகப் போனார்.

நான் முதலில் போன் செய்தது எனக்குப் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சருக்கு. எண்ணைப் போட்டுப் போட்டு அழித்தேன், மூன்றாவது முறைதான் அழைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு சின்னத் தொகையைச் சொன்னார். 'இது மாசாமாசம் வரும். ஆனா யாருக்காக ஜெபிக்கணும்னு எனக்குச் சொல்லணும். சும்மா மாணவர்களுக்காகன்னு எல்லாம் என்னால ஜெபிக்க முடியாது' என்றார். மாணவர்களுடைய பெயரின் முதல் எழுத்தை மட்டும் எழுதி மாதம் ஒரு கடிதம் அனுப்பினேன். ஒருமுறை வீட்டுக்குப் போனபோது ஜெபப் புத்தகத்தைத் திறந்து காட்டினார், உள் அட்டை முழுக்க ஒற்றை எழுத்துகள், பக்கத்தில் தேதி. சிலவற்றுக்கு மேல் பென்சிலில் சின்னச் சிலுவை. தேர்வு, நோய், பாவசங்கீர்த்தனம் என்று நான் எழுதிய ஒவ்வொன்றும் நடந்த பிறகு குறித்திருக்கிறார். பணம் கேட்பதில் எனக்கிருந்த வெட்கம் அன்றோடு போனது.

கடன் இருந்தால் விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். மறைத்தால் பின்னால் கஷ்டம்.

அப்பா அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி, சட்டென்று சொல்ல என்னிடம் பதிலும் இல்லை. அவர்கள் பயப்படுவதை முதலில் முழுசாகக் கேளுங்கள். படிக்க வைக்கப் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். 'இரண்டு வருடம் கழித்து யார் வேலை கொடுப்பார்கள்', 'கல்யாணம் தள்ளிப்போகுமே' என்பதெல்லாம் விசுவாசக் குறைவால் வரும் கேள்விகள் இல்லை. எவ்வளவு வருமானம், எங்கே தங்குவீர்கள், மருத்துவக் காப்பீடு உண்டா, யார் பொறுப்பு, எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் வையுங்கள். 'கடவுள் என்னைக் கூப்பிட்டார்' என்று மட்டும் சொன்னால் வீட்டில் மேற்கொண்டு பேசவே வழியில்லாமல் போய்விடும். முடிந்தால் அணியில் இருக்கும் ஒருவரை வீட்டுக்கு அழைத்துப் பேச வையுங்கள்.

அப்பாவோ அம்மாவோ படுத்த படுக்கையாக இருந்து உங்கள் சம்பளத்தை நம்பித்தான் வீடு ஓடுகிறது என்றால், இப்போது போகாதீர்கள் என்பது என் கருத்து. வீட்டுக்குச் செய்ய வேண்டியதும் கடவுள் கொடுத்த பணிதான்.

காதலிக்கலாமா?

அமைப்பைப் பொறுத்தது. ஃபோகஸில் முதல் வருடம் திருமணமாகாத மிஷனரிகள் புதிதாகக் காதல் உறவு எதையும் தொடங்காமல் இருப்பார்கள், அதை ஒரு நோன்பாகவே வைத்திருக்கிறார்கள். எங்கேயும் பொதுவான விதி, நீங்கள் வழிநடத்தும் மாணவரோடு அப்படிப்பட்ட உறவு கூடவே கூடாது. ஆண்கள் ஆண் மாணவர்களையும் பெண்கள் மாணவிகளையும் தனிப்பட்ட முறையில் வழிநடத்துவதும், தனிச் சந்திப்புகளை நாலு பேர் பார்க்கும் இடத்தில் வைத்துக்கொள்வதும் இதனால்தான்.

ஒரு மாணவர் மனசொடிந்து இருந்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொன்னால்?

பக்கத்தில் இருங்கள், தனியாக விடாதீர்கள், உடனே ஆலோசகருக்கோ மருத்துவருக்கோ தகவல் போக வேண்டும். 'யாரிடமும் சொல்லாதீங்க அண்ணா' என்று கெஞ்சினாலும் அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது. பாவசங்கீர்த்தன முத்திரை, அதாவது கேட்டதை யாரிடமும் சொல்லக்கூடாது என்ற கடமை, குருக்களுக்கு உரியது, நமக்கு அப்படி ஒன்று கிடையாது. மன நோய்க்கு ஜெபத்தை மட்டும் மருந்தாகச் சொல்கிற தவறைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், வெளியே காத்திருக்கும்போது செபமாலை சொல்லுங்கள்.

எத்தனை பேரைத் திருப்பினீர்கள்? பலனை எப்படி அளப்பது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு மாணவர்தான் ஞாபகம் வருவார். இரண்டாம் வருடம், பின்வரிசையில் உட்காருவார், ஏழு வாரம் எங்கள் விவிலியக் குழுவுக்கு வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவரைக் கிட்டத்தட்டக் கணக்கில் எடுப்பதையே விட்டிருந்தேன். எட்டாவது வாரம் எல்லோரும் கிளம்பிய பிறகு நாற்காலிகளை அடுக்க உதவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: 'அண்ணா, பாவசங்கீர்த்தனத்துல முதல்ல என்ன சொல்லணும்? மறந்துபோச்சு.' அவர் கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து ஆறு வருடம் ஆகியிருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் கோயில் வரை கூட நடந்தேன், வெளியே தூண் பக்கத்தில் நின்றேன். இருபது நிமிடம் கழித்து வந்தவர் கையில் அந்தத் தாள் நாலாக மடிந்து வேர்வையில் நனைந்திருந்தது. என்னோடு எதுவும் பேசாமல் போய் நற்கருணைப் பேழைக்கு நேராக உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் அவர் முதல் வருட மாணவர்கள் மூன்று பேருக்குக் குழு நடத்தினார். 'பலர் முன்னிலையில் நீ கேட்டதை, மற்றவர்களுக்குக் கற்பிக்கத் தகுந்த, நம்பிக்கைக்குரியவர்களிடம் ஒப்படை' என்று பவுல் திமொத்தேயுவுக்குச் சொல்வது (2 திமொத்தேயு 2:2) இதைத்தான். ஆயிரம் பேரைக் கூட்டும் நிகழ்ச்சியும் நல்லதுதான், நானும் நடத்தியிருக்கிறேன். ஆனால் வருடத்துக்கு மூன்று நான்கு பேரோடு ஆழமாக நடப்பதுதான் மிஷனரியின் உண்மையான வேலை என்று நம்புகிறேன். அறிக்கையில் எண்ணிக்கை கேட்பார்கள், எழுதிக் கொடுங்கள். அதை வைத்து உங்களை அளந்துகொள்ளாதீர்கள்.

என் ஜெபமே வறண்டுபோனால்?

போகும். எனக்கு இரண்டாம் வருடம் நான்கு மாதம் அப்படி இருந்தது. காலை ஒரு மணி நேரமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் ஆன்ம குரு சொன்னது ஒன்றே ஒன்று, ஒரு நிமிடமும் குறைக்காதே. குறைக்கவில்லை. தூக்கம், வாரம் ஒருநாள் ஓய்வு, வருடத்துக்கு ஒரு தியானம், ஆன்ம குருவை மாதம் ஒருமுறை பார்ப்பது, இவற்றில் எதையும் 'மாணவர்களுக்காக' விட்டுக்கொடுக்காதீர்கள். இயேசு இருவர் இருவராக அனுப்பினார், அதனால் அணியில் ஒருவரிடமாவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இது எனக்கான அழைத்தல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேலை கிடைக்கவில்லை, மேற்படிப்பு எது என்று முடிவாகவில்லை, வீட்டை விட்டு எங்காவது போனால் போதும், இப்படி எதிலிருந்தாவது தப்பிக்கத்தான் இதை யோசிக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். வேறு நல்ல வழி கையில் இருந்தும் மனது இதையே சுற்றிச் சுற்றி வருகிறது, ஜெபத்தில் நினைக்கும்போது அமைதி வருகிறது, உங்களை நன்றாகத் தெரிந்தவர்களும் 'நீ செய்வாய்' என்கிறார்கள் என்றால் விண்ணப்பியுங்கள். நேர்காணலுக்குப் போவதாலேயே எதற்கும் கட்டுப்பட்டுவிட மாட்டீர்கள்.

முடிந்த பிறகு?

சிலர் குருமடத்துக்கோ துறவற மடத்துக்கோ போகிறார்கள், பலர் வேலைக்குப் போய்த் திருமணம் செய்துகொள்கிறார்கள். கூட்டம் நடத்துவது, மனிதர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, பணம் திரட்டுவது, கணக்கு வைப்பது எல்லாம் எந்த வேலைக்கும் உதவும். என் முதல் வேலை நேர்காணலில் அரை மணி நேரம் இதைப் பற்றித்தான் பேசினோம்.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கல்லூரிக்குப் பொறுப்பான ஃபாதரிடமோ மறைமாவட்ட இளைஞர் பணிக்குழுவிடமோ போய்ப் பேசுங்கள். ஃபோகஸ், கேரளத்தில் பிறந்து 2016-இல் வத்திக்கான் அங்கீகாரம் பெற்ற ஜீசஸ் யூத் போன்ற இயக்கங்களில் இருப்பவர்களைத் தேடிப் பேசுங்கள். இப்போது பணியில் இருக்கும் ஒருவரோடு ஒரு முழு நாள் கூடவே இருந்து பாருங்கள், அலுப்பான நாளாகப் பார்த்துப் போங்கள்.

அதற்கு முன்னால் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் யாரோடும் சேராமல் வாசல் பக்கம் ஒரு மாணவர் நிற்பார். போய் அவர் பெயரைக் கேளுங்கள், வீட்டுக்கு வந்து எழுதி வையுங்கள், ஆறு நாளும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் தேடுங்கள்.